ஜெப அறையும் கணக்கேடும்: இரண்டும் பிரியாமல் வாழ்வது எப்படி?

தேரிக்காட்டான் எழுதியது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

எங்கள் சபைத் தேர்தலில் இந்த முறை என்னைப் பொருளாளராகத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். சிவப்பு மணலும் பனையும் முருங்கையுமாக இருக்கும் ஊர். சபையும் சிறியதுதான். ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கை, சங்கக் காணிக்கை, பிறந்தநாள் ஸ்தோத்திரக் காணிக்கை, கைப்பிடி அரிசி விற்ற பணம், அறுப்பின் பண்டிகை ஏலம், அசனத்துக்கு (சபையாரின் பொது விருந்துக்கு) வரும் நன்கொடை ஆகியவைதான் வரவு. தொகை பெரிதல்ல. ஆனாலும் பழைய ஏடுகளைப் புரட்டியபோது மனம் கனத்துவிட்டது.

ஏலப் பக்கங்கள்தான் காரணம். இந்த வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முதற்பலனாக வரும் வாழைத்தார், முருங்கைக்காய்க் கட்டு, சேவல், கருப்பட்டி எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் ஏலம் போடுவோம். கடையில் ஐம்பது ரூபாய் பெறாத தேங்காயை இரண்டாயிரத்துக்குக் கேட்பார்கள். கர்த்தருடைய பணிக்குப் போகிற பணம் என்பதால் அதில் ஒரு தனிச் சந்தோஷம். மூன்றாம் தரம் சொன்னதும் பொருள் வீட்டுக்குப் போய்விடும். பணம் மட்டும் பிறகு வரும் என்பார்கள். 'வரவேண்டியது' என்ற தலைப்பின் கீழ் சில பெயர்கள் ஆண்டுதோறும் அடுத்த ஏட்டுக்கு எடுத்தெழுதப்பட்டு வந்திருக்கின்றன. அவற்றுள் சில, உபவாச ஜெபத்தில் முன்வரிசையில் முழங்கால்படியிட்டுக் கண்ணீர் விடுகிறவர்களின் பெயர்கள். அந்தக் கண்ணீர் பொய் என்று நான் சொல்லமாட்டேன். என்னை அதிகம் வருத்துவதே அதுதான். உள்ளபடியே ஜெபிக்கிற ஒருவரால், சொன்ன பணத்தைக் கொடுக்காமல் எப்படி ஆண்டுக்கணக்கில் இருக்க முடிகிறது?

தானியேல் 6ஆம் அதிகாரத்தை இந்த நாள்களில் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். சிங்கக்கெபியைப் பற்றி ஓய்வுநாள் பாடசாலையிலேயே கேட்டிருக்கிறோம். அதற்கு முன்னால் இருப்பதை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். 120 தேசாதிபதிகள், அவர்களுக்கு மேல் 3 பிரதானிகள். ராஜாவுக்கு நஷ்டம் வராதபடி அந்த 120 பேரிடமும் கணக்குக் கேட்பதுதான் தானியேலின் உத்தியோகம். அவனை வீழ்த்த நினைத்தவர்கள் முதலில் துழாவியது அவனுடைய அலுவலைத்தான். அங்கே ஒன்றும் அகப்படாததால்தான் அவன் ஜெபிக்கும் ஜன்னலுக்கு வந்தார்கள். ராஜாவைத் தவிர யாரிடமும் விண்ணப்பம் செய்யக் கூடாது என்ற ஆணை கையெழுத்தானது தெரிந்த பிறகும் அவன் புதிதாக எதுவும் செய்யவில்லை. முன் செய்துவந்தபடியே தினம் மூன்று வேளையும் முழங்கால்படியிட்டான். அப்போது அவனுக்கு வயது ஏறக்குறைய எண்பது இருக்கும்.

அலுவலில் குற்றம் காணாதவர்கள் ஜெபத்தில் ஒழுங்கைக் கண்டார்கள். அவனுக்கு அவை இரண்டும் ஒரே பழக்கமாக இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நம் நடுவில் அவை ஏன் பிரிந்துபோகின்றன? பிரியாமல் வைத்துக்கொள்ள நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பிரசங்கமாக வேண்டாம், உங்கள் தொழிலிலிருந்தும் வீட்டிலிருந்தும் சொல்லுங்கள்.

பழைய தலைமையாசிரியர் எழுதியது:

தம்பி, நல்ல இழையைத் தொடங்கியிருக்கிறீர்கள். என் அனுபவத்தைவிட, நம் மண்ணில் நடந்த ஒன்றைச் சொல்வது உங்களுக்கு அதிகம் பயன்படும்.

தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்கா அருகே ஸ்வார்ட்ஸ் ஐயர் பெயரால் ஓர் ஆலயம் இருக்கிறது. உள்ளே ஒரு பளிங்குச் சிற்பம்: மரணப்படுக்கையில் கிடக்கும் அவருடைய கையை இளவரசர் சரபோஜி பற்றியிருக்கிறார். ஓர் இந்து அரசர், லுத்தரன் மிஷனரி ஒருவருக்கு லண்டன் சிற்பியான ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு செய்வித்த நினைவுச்சின்னம் அது. இந்த மரியாதை அவருக்கு எதனால் வந்தது என்று பாருங்கள்.

கிறிஸ்தியான் ஃபிரடெரிக் ஸ்வார்ட்ஸ் 1750இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். 1779இல் சென்னை அரசாங்கம் அவரை ஹைதர் அலியிடம் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குத் தூது அனுப்பியது. திரும்பும்போது ஹைதர் வழிச்செலவுக்கென்று 300 ரூபாய் கொடுத்தார். ஸ்வார்ட்ஸ் அதைத் தம்மிடம் வைத்துக்கொள்ளாமல் சென்னை அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சொன்னபோது, தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கு அதை மூலதனமாக்கினார். அடுத்த ஆண்டே போர் மூண்டது. ஹைதரின் படைகள் ஊர் ஊராக அழித்துக்கொண்டு வந்தபோதும், அந்தப் பாதிரியாரைத் தடையின்றிப் போகவிடுங்கள் என்று அவர் தம் அதிகாரிகளுக்கு உத்தரவிட்டிருந்தார்.

உங்கள் ஏட்டுக்கு மிக நெருக்கமானது அடுத்த சம்பவம். அந்தப் போரில் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். தெருவில் பிணங்கள் கிடந்தன. சுற்றுக் கிராமங்களில் நெல் இருந்தது. ஏற்றிவர மாடு இல்லை, மாடு வைத்திருந்தவர்கள் வர மறுத்தார்கள். முன்பு வந்தவர்களுக்குக் கூலி கொடுக்காமல் ஏமாற்றியிருந்தார்கள் என்பதே காரணம். ராஜாவின் வாக்கும் செல்லவில்லை, அதிகாரிகளின் வாக்கும் செல்லவில்லை. நாம் எல்லாரும் ஜனங்களின் நம்பிக்கையை இழந்துவிட்டோம், ஸ்வார்ட்ஸையாவது அவர்கள் நம்புகிறார்களா பார்ப்போம் என்ற முடிவுக்கு ராஜா வந்தார். கூலிக்கு நான் பொறுப்பு என்று ஸ்வார்ட்ஸ் சொல்லியனுப்பினார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்து நின்றன. குறுகிய காலத்தில் 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. பிறகு ஒவ்வொருவருக்கும் சொன்னபடி பணம் கொடுத்து அனுப்பினார்.

இதை அவர் ஒரு நாளில் சம்பாதிக்கவில்லை. தம்முடைய உபதேசிமார்களைக் காலையில் கூட்டி ஜெபித்து அனுப்புவதும், மாலையில் அவர்கள் திரும்பியதும் அன்றைய வேலையை விசாரிப்பதும் அவருடைய வழக்கம். ஆண்டுக்கணக்கில் மாறாத அந்த ஒழுங்கை ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. பஞ்சம் வந்த அன்று ஊர் அவரை நம்பியதற்குக் காரணம், அதற்கு முந்தைய சாதாரண நாள்கள்தான்.

மளிகைக்கடை எழுதியது:

ஐயா சொன்னதைப் படித்துவிட்டு வெகுநேரம் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். மாடு வைத்திருந்தவர்களின் பக்கம் நின்று யோசித்தால் எல்லாம் விளங்குகிறது. அவர்கள் யாருடைய ஜெபத்தையும் கேட்கவில்லை. கூலி வருமா என்றுதான் கேட்டார்கள்.

என் தொழிலுக்கென்றே ஆமோஸ் 8ஆம் அதிகாரம் எழுதப்பட்டது என்று எனக்குத் தோன்றும். அந்த வியாபாரிகள் ஓய்வுநாளை மீறவில்லை. கடையை மூடிவிட்டு ஆராதனைக்கு வருகிறார்கள். ஆனால் இது எப்போது முடியும், மரக்காலைக் குறைத்து எப்போது விற்கலாம் என்றுதான் உள்ளுக்குள் காத்திருக்கிறார்கள். தேரிக்காட்டான் கேட்ட கேள்விக்குப் பதில் அங்கேயே இருக்கிறது. ஆராதனையில் உட்கார்ந்திருக்கும்போதே மனம் பிரிந்துவிடுகிறது. ஏட்டில் தெரிவது அதன் விளைவு.

கடையில் எப்படி என்று கேட்டீர்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கொரு முறை எடையளவுத் துறையின் முத்திரை வைக்க வேண்டும், வைத்துவிடுகிறோம். ஆனால் முத்திரை வைத்த தராசிலும் ஏமாற்ற முடியும். முந்திரியை டப்பாவோடு தட்டில் வைக்கிறேன் என்றால், முதலில் காலி டப்பாவை வைத்து அதன் எடையைக் கழித்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்த ஒரு பொத்தானை அழுத்தாமல் விட்டால் டப்பாவின் 30 கிராமுக்கும் முந்திரி விலை போய்விடும். வாங்குகிறவர் கவனிக்கமாட்டார். அதிகாரியும் பக்கத்தில் நிற்கமாட்டார். நானும் கர்த்தரும் மட்டும்தான் அங்கே இருப்போம். கடையில் வேலைக்குச் சேரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

என் தகப்பனார் காலத்திலிருந்து கடைக் கதவின் ஒரு பலகையை மட்டும் திறந்து, உள்ளே நின்று ஒரு சங்கீதம் வாசித்து ஜெபித்துவிட்டுத்தான் மீதிப் பலகைகளைக் கழற்றுவோம். ஐந்து நிமிடம்கூட ஆகாது. அன்றைக்கு வாசித்தது தராசின் முன்னால் நிற்கும்போது நினைவுக்கு வருவது உண்டு. வராத நாளும் உண்டு. ஆனாலும் வாசிப்பை நிறுத்தியதில்லை.

இன்னொன்று. இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டில் குவேக்கர் என்ற கிறிஸ்தவக் கூட்டத்தார் கடைகளில் ஒரே விலை என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். நூறு பெறும் பொருளுக்கு நூற்றைம்பது சொல்லிவிட்டுப் பிறகு இறங்கிவருவது, உள்ளதை உள்ளதென்று சொல்லும்படியான ஆண்டவரின் கட்டளைக்கு விரோதம் என்பது அவர்கள் நம்பிக்கை. முதலில் வியாபாரம் படுத்தது. பிறகு, சிறு பிள்ளையை அனுப்பினாலும் அந்தக் கடையில் ஏமாற மாட்டோம் என்று ஜனங்கள் அவர்களிடமே போனார்கள். வேதவசனத்தை விலைப்பட்டியல் வரைக்கும் கொண்டுபோன அவர்களை நினைத்தால் எனக்கு உற்சாகம் வருகிறது.

கட்டடக்காரன் எழுதியது:

எல்லாம் சரி, சகோதரர்களே. கடைக்காரர் தம் தராசுக்குத் தாமே எஜமான். என்னைப் போன்றவன் என்ன செய்வது? சின்ன அளவில் கட்டட ஒப்பந்த வேலை செய்கிறேன். வேலையை ஒழுங்காக முடிக்கிறேன், சிமெண்டில் கைவைப்பதில்லை. ஆனாலும் பில் பாஸாக வேண்டுமென்றால் மேசைக்கு மேசை எதிர்பார்க்கிறார்கள். நான் யாரையும் ஏமாற்றவில்லை, எனக்கு வரவேண்டியதைத்தான் கேட்கிறேன். ஆனால் அது கைக்கு வராவிட்டால் சனிக்கிழமை கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி கொடுக்க முடியாது. வாங்குவது பாவம், சரி. பறிகொடுப்பதும் பாவமா? தினமும் அதிகாலையில் ஜெபிக்கிறேன். இதைப் பற்றி ஜெபிக்க மட்டும் வார்த்தை வருவதில்லை. சபையில் இதைப் பேசினால் ஒன்று கண்டனம் வருகிறது, இல்லையென்றால் 'உலகம் அப்படித்தான்' என்று தோளில் தட்டிவிட்டுப் போகிறார்கள். இரண்டும் எனக்கு உதவவில்லை.

கோட்டாற்றுக்காரி எழுதியது:

கட்டடக்கார அண்ணன், உங்கள் கேள்வியை யாரும் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்கிறவள், கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சட்டம் முதலில். 2018இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். 7 ஆண்டுகள்வரை சிறைத்தண்டனை உண்டு. ஆனால் கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் 7 நாள்களுக்குள் காவல்துறைக்கோ விசாரணை அமைப்புக்கோ தெரிவித்தால் அவருக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, அவர்களைப் பிடிக்க உதவும் வகையில் கொடுத்தாலும் குற்றமாகாது. பறிகொடுக்கிறவனுக்கும் சலுகை வாங்குகிறவனுக்கும் வித்தியாசம் இருப்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. மௌனமாக இருந்துவிடுவதை மட்டும் அது ஒப்புக்கொள்ளவில்லை.

இனி வேதம். அப்போஸ்தலர் பணிகள் 24ஆம் அதிகாரத்தில் பேலிக்ஸ் என்ற ஆளுநர், காவலில் இருக்கும் பவுலை அடிக்கடி கூப்பிட்டுப் பேசுகிறான். பவுலிடமிருந்து பணம் வரும் என்ற எதிர்பார்ப்பில்தான் என்று லூக்கா வெளிப்படையாக எழுதுகிறார். தம் ஜனத்தாருக்கு உதவிப் பணம் கொண்டுவந்ததாகப் பவுல் சற்று முன்புதான் அவன் முன்னிலையில் சொல்லியிருக்கிறார். ஆகையால் பணம் புரளக்கூடிய மனிதர் என்பது பேலிக்ஸுக்குத் தெரியும். பவுலும் குற்றமற்றவர், தமக்கு வரவேண்டிய விடுதலையைத்தான் கேட்கிறார். ஆனாலும் கொடுக்கவில்லை. 2 ஆண்டுகள் காவலில் கழிந்தன. அது எளிதாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

எங்கள் சபைப் பெரியவர்களில் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1826இல் குளத்தூரில் பிறந்து, 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனவர். பலரும் அவரை நாவலாசிரியராகத்தான் அறிவார்கள். நீதிமன்றத்தில் உட்கார்ந்துகொண்டே, கைக்கூலி வாங்கும் அதிகாரிகளைக் கண்டித்துச் செய்யுள் எழுதிய மனிதர் அவர். ஆங்கிலத்தில் இருந்த உயர்நிலைத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து 1862இல் வெளியிட்டார். வழக்காடுகிறவனுக்குத் தீர்ப்பு புரியாமல் இருக்கும் இடத்தில்தான் இடைத்தரகன் நுழைகிறான் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கு நன்றாகத் தெரியும். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவழித்துக் கஞ்சித்தொட்டி நடத்தினார். கோபாலகிருஷ்ண பாரதியாரே அவரைப் பாராட்டிப் பாடினார். தமக்கு இலாபம் இல்லாத இடத்திலும் அந்த நேர்மை பிறருக்காக வேலை செய்தது.

உங்களுக்கு என் யோசனை: தனியாக நிற்காதீர்கள். உங்களைப் போல ஒழுங்காக வேலை செய்யும் நான்கு ஒப்பந்தக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, நிலுவையை எழுத்தில் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பில் எந்த மேசையில் எத்தனை நாளாக இருக்கிறது என்று கேளுங்கள். ஒருவருக்குத் தொல்லை கொடுப்பது எளிது, ஐந்து பேருக்குக் கடினம். பணம் தாமதமாகலாம். அந்த வாரம் கூலி கொடுக்க உங்களுக்குக் கைமாற்றுத் தருவது சபையின் கடமை என்றே நான் நினைக்கிறேன். நேர்மையாக இரு என்று பிரசங்கிக்கிற சபை, நேர்மையால் நஷ்டப்பட்டவனின் சனிக்கிழமையைப் பற்றியும் கவலைப்பட வேண்டும்.

கட்டடக்காரன் எழுதியது:

நன்றி, தங்கச்சி. பேலிக்ஸ் பகுதியைப் பலமுறை வாசித்திருக்கிறேன். இந்தக் கோணத்தில் பார்த்ததில்லை. கடைசியில் சொன்னீர்களே, கைமாற்று. அதை எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் பேசிப் பார்க்கிறேன்.

இரவுப்பணி எழுதியது:

நான் செவிலியர். இரவு வார்டில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளிகளின் வெப்பநிலை, நாடி, ரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை நான்கையும் பார்த்து அட்டையில் எழுத வேண்டும். முதல் மூன்றுக்கும் கருவி இருக்கிறது. மூச்சை மட்டும் கட்டிலருகே நின்று, நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். நாற்பது கட்டில் இருக்கும் வார்டில் அதிகாலை நான்கு மணிக்கு அது எவ்வளவு நீண்ட நிமிடம் என்பது நின்றவர்களுக்குத்தான் தெரியும். அதனால் எல்லா அட்டைகளிலும் 20, 20, 20 என்றே இருக்கும். யாரும் கேட்பதில்லை. ஆனால் ஒரு நோயாளியின் நிலை மோசமாகப் போகிறது என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது பல சமயம் அந்த மூச்சு எண்ணிக்கைதான்.

நான் எண்ணித்தான் எழுதுகிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, தேரிக்காட்டான் அண்ணன் தொழிலிலிருந்து சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். என் ஜெபநேரமே அந்த நிமிடத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டது. பகல் பணி, இரவுப்பணி என்று வாரத்துக்கு வாரம் மாறும் எங்களால் 'அதிகாலை ஐந்து மணி தியானம்' என்ற ஒழுங்கைக் கடைப்பிடிக்க முடியாது. முன்பெல்லாம் அதற்காகக் குற்றவுணர்வோடு இருப்பேன். எங்கள் சபையில் வீடு வீடாகப் போய் வேதம் சொல்லிக்கொடுக்கும் வயதான பைபிள் வுமன் ஒருவர்தான், உன் நேரம் மாறினால் கர்த்தர் தேடிக்கொண்டு வருவார், நீ இடத்தை மட்டும் காலியாக வைத்திரு என்றார். இப்போது பணி முடிந்து வந்ததும், அது காலை எட்டானாலும் இரவு ஒன்பதானாலும், குளித்துவிட்டு ஓர் அதிகாரம் வாசிக்காமல் படுப்பதில்லை. வார்டில் ஒவ்வொருவரின் மூச்சையும் எண்ணும்போது அவர் பெயரைச் சொல்லி உள்ளுக்குள் ஜெபிக்கிறேன். ஜெபிக்கிற அந்த நிமிடத்தில் பொய் எண்ணை எழுத எனக்குக் கை வராது.

எம்மாவு வழி எழுதியது:

இங்கே எல்லாரும் பெரியவர்கள். கேட்கத் தயக்கமாகத்தான் இருக்கிறது. கல்லூரி முடித்து வேலையில் சேர்ந்திருக்கிறேன். தினமும் வேதம் வாசிக்கிறேன், ஜெபிக்கிறேன். ஆனால் பல மாதங்களாக மனதில் ஓர் அசைவும் இல்லை. வார்த்தைகள் மேற்கூரையோடு நின்றுவிடுவதுபோல இருக்கிறது. உணர்வில்லாமல் முழங்கால்படியிடுவது மாய்மாலம்தானே? நேர்மை என்று பார்த்தால், உணர்வு வரும்வரை நிறுத்திவைப்பதுதான் நேர்மையோ?

பழைய தலைமையாசிரியர் எழுதியது:

நிறுத்தாதீர்கள், தம்பி. ஆண்டவர் யாரை மாயக்காரர் என்றார்? மனுஷர் காணும்படியாக வீதிச் சந்திகளில் நின்று ஜெபித்தவர்களை. கதவைப் பூட்டிக்கொண்டு, ஒன்றும் கிடைக்காமல், யாரும் பாராட்டாமல், ஆனாலும் தினமும் முழங்கால்படியிடுகிறவன் அதற்கு நேர் எதிரானவன். உங்களிடம் பக்தி குறைந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். பக்தியின் மிகச் சுத்தமான பகுதியில் நிற்கிறீர்கள் என்று நான் நினைக்கிறேன்.

உணர்வு இருப்பதாக நடிப்பதுதான் பொய். அதைச் செய்யாமல், இன்றைக்கு எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்று கர்த்தரிடமே சொல்லுங்கள். 88ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள். புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். அது மட்டும் திரும்பாது, இருளிலேயே முடிகிறது. ஆனாலும் இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன் என்றுதான் அந்த மனிதர் தொடங்குகிறார். அதை வேதத்துக்குள் வைத்துப் பாதுகாத்துக் கொடுத்திருக்கிறார்கள், உங்களுக்காகவும் எனக்காகவும்.

மார்த்தாள் எழுதியது:

கைப்பிடி அரிசியைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே. தினமும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைத்து, சேர்ந்ததும் ஆலயத்துக்குக் கொடுப்பது. எங்கள் பாட்டி காலத்துப் பெண்களுக்குக் கையில் காசு கிடையாது. அவர்கள் அதிகாரத்தில் இருந்தது அந்த அரிசிப் பானை ஒன்றுதான். ஊழியர்களைத் தாங்கியதில் அவர்களுடைய பங்கு பெரியது. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரிச் சங்கத்தைத் தொடங்கிய அசரியாவும் அவருடைய நண்பர்களும், வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் நம்மவர்கள் கொடுப்பதைக் கொண்டே ஊழியம் நடத்தத் துணிந்தார்கள். அப்படிக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள்.

இதில் ஒரு காரியம் மனதை உறுத்துகிறது. இப்போது பல வீடுகளில் சமைப்பது பொன்னி; கைப்பிடிப் பானையில் விழுவது ரேஷன் அரிசி. கணக்கில் பார்த்தால் தவறே இல்லை, கைப்பிடி கைப்பிடிதான். ஆனால் ஊனமானதைப் பலியாகக் கொண்டுவந்தவர்களைப் பார்த்து, இதை உன் அதிபதிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துப் பார் என்று மல்கியாவில் கர்த்தர் கேட்கிறாரே, அது இந்தப் பானைக்குத்தான் பொருந்தும். ரேஷன் அரிசியையே சாப்பிடும் வீட்டிலிருந்து வரும் ரேஷன் அரிசி வேறு. நான் சொல்வது அதையல்ல. என் பிள்ளைகளிடம் நான் வாய்விட்டுச் சொல்வதில்லை; உலைக்கு எந்தச் சாக்கோ அதே சாக்கு என்பதை அவர்கள் பார்த்துக்கொண்டே வளர்கிறார்கள்.

தேரிக்காட்டான் தம்பியின் ஏலக் கணக்குக்கு வருகிறேன். நிலுவை வைத்திருக்கும் எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்துவிடாதீர்கள். சந்தோஷத்தில் கேட்டுவிட்டு, அடுத்த வாரமே முருங்கை விலை விழுந்து தவிப்பவரும் அதில் இருப்பார். அவர் வெட்கத்தினால் உங்கள் முகத்தைப் பார்க்காமல் போகிறவராக இருக்கலாம்.

மளிகைக்கடை எழுதியது:

அக்கா சொல்வதை மதிக்கிறேன். ஆனாலும் பட்டியலை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட வேண்டும் என்பது என் கருத்து. ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறவன்தான் கர்த்தருடைய கூடாரத்தில் தங்குவான் என்று 15ஆம் சங்கீதம் சொல்கிறது. அதை ஆலய வாசலிலேயே மீறினால், வெளியே நாங்கள் எந்த வாயால் கடனைக் கேட்பது?

மார்த்தாள் எழுதியது:

சங்கீதம் சரிதான் அண்ணாச்சி. ஆனால் உன் சகோதரன் குற்றஞ்செய்தால் முதலில் தனித்திருக்கையில் போய்ச் சொல் என்று மத்தேயு 18 சொல்கிறதே. பலகை அதில் முதல் படி இல்லை. முதல் படியை யாராவது இதுவரை எடுத்துவைத்தார்களா என்பதுதான் என் கேள்வி. ஆண்டுக்கணக்கில் பெயரை நகல் எடுத்தார்களே தவிர, ஒருவர் வீட்டுக்காவது போய்ப் பேசினார்களா?

பழைய தலைமையாசிரியர் எழுதியது:

மார்த்தாள் அம்மா பக்கமே நானும் நிற்கிறேன். 1907 ஜனவரியில் கொரியாவின் பியாங்யாங் நகரத்தில் எழுப்புதல், அதாவது பெரிய ஆவிக்குரிய விழிப்பு, உண்டானபோது நடந்தது என்ன தெரியுமா? கில் சுன் ஜூ என்ற மூப்பர், மதிப்புக்குரிய தலைவர், சபையார் முன்னிலையில் எழுந்து நின்றார். காலமான நண்பர் ஒருவர் தம் சொத்தைக் கவனிக்கும்படி ஒப்படைத்திருந்ததையும், விதவைக்குப் போகவேண்டிய அதிலிருந்து ஒரு தொகையைத் தாம் எடுத்துக்கொண்டதையும் அறிக்கையிட்டு, அதைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். அதன் பிறகு ஊரெங்கும் ஜனங்கள் வீடு வீடாகப் போய், திருடியதையும் கொடுக்கவேண்டியதையும் திருப்பிக் கொடுத்தார்கள். எந்தப் பலகையிலும் அவர்கள் பெயர் ஒட்டப்பட்டிருக்கவில்லை. முன்வரிசையில் இருந்தவர் முதலில் எழுந்தார்.

அதனால், தம்பி, கமிட்டி அங்கத்தினர்களின் நிலுவையிலிருந்து தொடங்குங்கள். அவர்கள் கட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தேரிக்காட்டான் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. முதலில் ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஐயரோடு போவதாக முடிவு செய்திருக்கிறேன். கமிட்டியாரிடமிருந்தே தொடங்குகிறோம். கஷ்டத்தில் இருப்பவர்களுக்குத் தவணை, அல்லது கமிட்டித் தீர்மானத்தோடு தள்ளுபடி; அப்படித் தள்ளுபடி செய்தது ஏட்டில் அப்படியே எழுதப்படும்.

காணிக்கை எண்ணுவதைப் பற்றியும் ஒரு முடிவு எடுத்தேன். யோவாஸ் ராஜா ஆலயத்தைப் பழுதுபார்த்தபோது பெட்டியில் விழுந்த பணத்தை ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தரும்) பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்ணினார்கள் என்று 2 இராஜாக்கள் 12இல் இருக்கிறது. பவுலும் எருசலேமுக்கான தர்மப்பணத்தைத் தனியாகக் கொண்டுபோகாமல் சபைகள் தெரிந்துகொண்ட சகோதரர்களை உடன் அனுப்பினார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய வேண்டும் என்று அதற்குக் காரணமும் எழுதினார். அவர்களே தனியாக எண்ணவில்லை என்றால் நான் யார்? இனி மூன்று பேர் முன்னிலையில் எண்ணி, எந்த நோட்டு எத்தனை என்று சீட்டில் எழுதி மூவரும் கையெழுத்திடுவோம். அந்தத் தொகையை அடுத்த ஞாயிறு அறிக்கையில் வாசிப்போம்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. வாலிபர்கள் கைப்பேசியில் காணிக்கை செலுத்தக் க்யூஆர் அட்டை கேட்கிறார்கள். சபைக் கணக்குக்கு அதை வாங்கத் தாமதமாகும், அதுவரை உங்கள் சொந்தக் கணக்கின் அட்டையை வையுங்கள் என்று கமிட்டியில் சிலர் சொல்கிறார்கள். என்மேல் நம்பிக்கை இருப்பதால்தான் சொல்கிறார்கள். வைக்கலாமா?

கோட்டாற்றுக்காரி எழுதியது:

வேண்டாம். ஒரு வாரத்துக்குக்கூட வேண்டாம். உங்கள் மகன் பள்ளிக் கட்டணமும் சபைக் காணிக்கையும் ஒரே கணக்கில் கலந்தால், பிறகு நீங்களே நினைத்தாலும் பிரித்துக் காட்ட முடியாது. வருமான வரியிலும் அது உங்கள் வரவாகவே தெரியும். சபையின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதல்லவா? கமிட்டித் தீர்மானத்தின் நகலையும் கையெழுத்திடும் இருவரின் அடையாளச் சான்றுகளையும் கொண்டுபோய் அந்த வங்கிக் கிளையிலேயே கேளுங்கள், அந்தக் கணக்குக்கே அட்டை தருவார்கள். வரும்வரை வாலிபர்கள் பழையபடி உறையில் போடட்டும். அட்டை வந்ததும், பணம் வந்த செய்தி உங்கள் கைப்பேசிக்கு மட்டும் போகாமல் செயலாளருடைய எண்ணுக்கும் போகும்படி வங்கியில் பதிவு செய்துவிடுங்கள்.

மளிகைக்கடை எழுதியது:

அதோடு ஒன்று. கடைகளில் நடப்பதைச் சொல்கிறேன்: ஒட்டிவைத்த அட்டையின் மேல் வேறு அட்டையை ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனைக்கு முன்னால் ஒரு ரூபாய் அனுப்பி, சபையின் பெயர்தான் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், தம்பி.